மீதி வோல்ட்டை எங்கே வைப்பது: ஏசியில் நேராக எரியும் எல்இடி தட்டிகள்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் கோயில் கொடை விழாவுக்கு மைக்செட் போடுகிறவர்களுக்கு எல்இடி தட்டி கட்டிக்கொடுப்பது என் தொழில். அம்மன், மயில், வேல், நல்வரவு போர்டு, தெருவின் குறுக்கே கட்டும் வளைவு எல்லாம் உண்டு. ஷீட்டில் ஓட்டை போட்டு 5 மில்லிமீட்டர் எல்இடியைச் சொருகி, பின்பக்கம் காலோடு கால் சேர்த்து சால்டர் வைக்கிற வேலை. வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள். "அண்ணாச்சி, ரெண்டு வயரு வெளிய நீட்டணும், சொருகுனா எரியணும். அடாப்டர் கிடாப்டர் வேண்டாம்."

அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 100 வாட் தட்டி ஒன்றை 12 வோல்ட்டில் எரிக்க எட்டு ஆம்பியருக்கு மேல் வேண்டும். அடாப்டரை மேடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு 50 மீட்டர் தள்ளி வளைவு கட்டினால், 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் போக வர 100 மீட்டருக்கு 1.2 ஓம். எட்டு ஆம்பியர் ஓடினால் வயரிலேயே 10 வோல்ட் போய்விடும், தட்டிக்கு 2 வோல்ட் கூட மிஞ்சாது. அதே 100 வாட்டை 230 வோல்ட்டில் அனுப்பினால் அரை ஆம்பியர்கூட ஓடாது, இழப்பு அரை வோல்ட். போதாக்குறைக்கு அடாப்டர் லாரியில் தொலையும், மழையில் நனையும். ஆகவே ஏசியிலேயே நேராக எரிய வைக்க வேண்டும்.

230 வோல்ட் என்று நாம் சொல்வது பயனுறு மதிப்பு (ஆர்எம்எஸ்), அதாவது அதே சூட்டைத் தரும் டிசி வோல்ட்டுக்குச் சமமானது. உண்மையில் அலை ஒவ்வொரு அரைச் சுற்றிலும் பூஜ்யத்திலிருந்து கிளம்பி 325 வோல்ட் வரை ஏறி இறங்குகிறது. நொடிக்கு 50 சுற்று, அதாவது 100 மேடு. வெள்ளை, நீல எல்இடி ஒன்றுக்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும், சிவப்புக்கு 2 வோல்ட். இருபது வெள்ளை எல்இடியை வரிசையாகக் கோத்தால் 60 வோல்ட் ஆச்சு. உச்சியில் 265 வோல்ட் மிச்சம். இந்த வேலையில் டிசைன் என்று ஒன்று இருந்தால், அந்த மிச்சத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான். கருகுவது, வெடிப்பது, மங்குவது எல்லாம் பெரும்பாலும் அந்த மிச்சம் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் நடக்கும்.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது ரெசிஸ்டர். எல்இடியைத் தலைகீழ் வோல்டேஜிலிருந்து காக்க நாலு 4007 டையோடில், ஏசியை ஒரே திசையில் ஓட வைக்கும் ஒரு பிரிட்ஜ் (பெரும்பாலான எல்இடிகளுக்கு டேட்டாஷீட் தரும் தலைகீழ் வரம்பு வெறும் 5 வோல்ட்), அதன் பின்னால் இருபது எல்இடி, ஒரு 15 கிலோ ஓம் ரெசிஸ்டர். சராசரியாக 10 மில்லி ஆம்பியர் ஓடும், விளக்கு நன்றாகவே எரியும். ஆனால் எல்இடிகள் எடுப்பது 0.6 வாட், ரெசிஸ்டர் தின்பது 2.1 வாட். ஆயிரம் எல்இடி உள்ள ஓர் அம்மன் தட்டியில் இப்படி ஐம்பது வரிசை வரும். 30 வாட் வெளிச்சத்துக்காக 105 வாட் சூட்டைத் தட்டியின் முதுகில் ஏற்ற வேண்டியிருக்கும். தெர்மகோலும் ஃப்ளெக்ஸும் இருக்கும் இடத்தில் யார் இதைச் செய்வார்கள்?

அதனால் வரிசையை நீட்டுகிறார்கள். சந்தையில் கிடைக்கும் மலிவான சீரியல் செட்டுகளில் பெரும்பாலும் இந்த யோசனைதான். எண்பது வெள்ளை எல்இடியைக் கோத்தால் 240 வோல்ட் அவற்றிலேயே போய்விடும், உச்சியில் 85 வோல்ட்தான் மிச்சம். 2.7 கிலோ ஓம் போட்டால் அதே 10 மில்லி ஆம்பியர். எல்இடிகளுக்கு 2.4 வாட், ரெசிஸ்டருக்கு முக்கால் வாட்டுக்கும் குறைவு. காகிதத்தில் இதைவிட அழகான சர்க்யூட் கிடையாது.

கொடை நடக்கும் ஊரில் இது வேறு மாதிரி நடந்துகொள்ளும். கடைசி டிரான்ஸ்ஃபார்மருக்கும் அப்பால் இருக்கிற கோயில் என்று வையுங்கள். சாயங்காலம் ஊரில் எல்லா வீட்டிலும் டிவி, ஃபேன், கிரைண்டர் ஓடும். லைனில் 200க்கும் குறைவாக நிற்கும். நடுராத்திரி தாண்டி ஊர் அடங்கியதும் 250ஐ எட்டிப் பிடிக்கும். எண்பது எல்இடி வரிசையில் 207 வோல்ட்டுக்கு 5 மில்லி ஆம்பியர்தான் ஓடும், 253 வோல்ட்டுக்கு 15. லைன் வோல்டேஜ் பத்து சதவீதம் இறங்கி ஏறினால் கரண்ட் மூன்று மடங்கு மாறுகிறது. 180க்கு இறங்கினால் 1 மில்லி ஆம்பியர்கூட இல்லை. கூட்டம் வந்து பார்க்கிற நேரத்தில் தட்டி மினுங்கிக்கொண்டு கிடக்கும், ஆள் யாரும் இல்லாத ரெண்டு மணிக்கு ஜெகஜோதியாக எரிந்து ஆயுளைத் தின்னும். இருபது எல்இடியும் 15 கிலோ ஓமும் உள்ள அந்தச் சூடான சர்க்யூட்டில் இதே ஏற்ற இறக்கத்துக்கு 8.7லிருந்து 11.4 வரைதான் போகும், கண்ணுக்கே தெரியாது.

காரணம் எளிது. லைனில் கூடும் 33 வோல்ட்டும் போய்ச் சேருவது எல்இடியில் இல்லை, மிச்சத்தில். மிச்சம் 265 ஆக இருந்தால் 33 என்பது சிறு தொகை. 85 ஆக இருந்தால் அது பெரிய பங்கு. மிச்சத்தைக் குறைத்தால் சூடு குறையும், ஆனால் நிலைத்தன்மை போகும். கூட்டினால் நிலையாக எரியும், ஆனால் சூடு. ரெசிஸ்டரை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இழுபறியிலிருந்து வெளியே வர முடியாது.

கெப்பாசிட்டர் வரும் இடம் இதுதான். அது மிச்ச வோல்ட்டைத் தாங்கும், ஆனால் சூடாக்காது. ஒரு கால் சுற்றில் வாங்கியதை அடுத்த கால் சுற்றில் லைனுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். பிரிட்ஜுக்கு முன்னால் ஏசி பக்கத்தில் வரிசையாக ஒரு கெப்பாசிட்டர். கணக்கும் கஷ்டமில்லை: நாலை 50ஆல் பெருக்கி, அதை ஃபாரட்டில் உள்ள கெப்பாசிட்டர் மதிப்பால் பெருக்கி, கடைசியாக உச்ச வோல்ட்டிலிருந்து எல்இடி வரிசையின் வோல்ட்டைக் கழித்து வருவதால் பெருக்க வேண்டும். 0.22 மைக்ரோஃபாரட், இருபது எல்இடி என்றால் சராசரி 12 மில்லி ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. 207 வோல்ட்டில் 10, 253 வோல்ட்டில் 13, 180க்கு இறங்கினாலும் 8.6. நான் கட்டும் தட்டிகளில் வெள்ளைக்கு இதுதான் அடிப்படை செட். எல்இடி பாக்கெட்டில் 20 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கும், அதை நம்ப வேண்டாம். மலிவான வெள்ளை எல்இடியை 20இல் எரித்தால் சீக்கிரமே நீலம் பாய்ந்து மங்கும். பத்து பன்னிரண்டில் வெளிச்சம் குறைந்ததாகக் கண் சொல்லாது.

சிலர் கெப்பாசிட்டர் போட்டால் போதும் என்று நினைத்து அதன் பின்னால் எண்பது எல்இடியைக் கோத்துவிடுகிறார்கள். மேலே உள்ள கணக்கைப் பாருங்கள், அங்கேயும் உச்ச வோல்ட்டிலிருந்து வரிசை வோல்ட்டைக் கழிக்கிறோம். மிச்சம் 85ஆக இருந்தால் கெப்பாசிட்டரும் அதே மாதிரி ஆட்டம் போடும். சூட்டை மட்டும்தான் அது மிச்சப்படுத்தும்.

எந்தக் கெப்பாசிட்டர் என்பதில் நான் பேரம் பேசுவதில்லை. பெட்டி வடிவில், மேலே எக்ஸ் 2 என்றும் 275 வோல்ட் ஏசி என்றும் அச்சடித்தது, 0.22க்கு 224 என்று குறி இருக்கும். லைனுக்குக் குறுக்கே நிற்பதற்கென்றே சோதித்து விற்பது அது. உள்ளே சின்னதாகப் பொத்துக்கொண்டால் அந்த இடத்து உலோகப் பூச்சு ஆவியாகி ஓட்டை தானாக மூடிக்கொள்ளும். அதே மதிப்பில் பழுப்பு நிறத்தில் 400 வோல்ட் என்று மட்டும் போட்ட ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கும். அந்த 400 டிசி கணக்கு. லைனில் திடீரென்று வரும் வோல்ட் குத்துக்கு அது ஷார்ட் ஆனால் 230 வோல்ட் முழுவதும் எல்இடி மேல் இறங்கும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் மொத்தமாக வாங்கி வருவது வழக்கம். வந்ததும் பையிலிருந்து சிலவற்றை எடுத்து மல்டிமீட்டரில் மதிப்பு பார்த்துவிட்டுத்தான் சால்டர் வைப்பேன்.

தானாக மூடிக்கொள்ளும் குணத்துக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பூச்சு போகும், கெப்பாசிட்டர் மதிப்பு இறங்கும். இரண்டு மூன்று வருடம் ஓடிய தட்டியைக் கொண்டுவந்து, "எல்இடி வீக் ஆயிட்டு அண்ணாச்சி, மாத்திக் குடுங்க" என்பார்கள். மங்கிய வரிசையின் கெப்பாசிட்டரை அவிழ்த்து அளந்தால் 0.22 இருக்க வேண்டிய இடத்தில் 0.12 காட்டும். புதிதாக ஒன்று வைத்தால் பழைய எல்இடி பழையபடி எரியும். மங்கிய வரிசை எது வந்தாலும் எல்இடியைத் தொடுவதற்கு முன் கெப்பாசிட்டரை அளந்துவிடுங்கள். ஆயிரம் எல்இடியைப் பிடுங்குகிற வேலை மிச்சம்.

கெப்பாசிட்டரோடு இரண்டு ரெசிஸ்டர் கட்டாயம். ஒன்று அதன் தலைக்குக் குறுக்கே. பிளக்கைப் பிடுங்கியபின்பும் கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட்வரை நிற்கும், பிளக் முனையில் கை பட்டால் சுள்ளென்று அடிக்கும், ஏணியில் நிற்கிற ஆள் விழுவான். 1 மெகா ஓம் போட்டால் ஒரு நொடிக்குள் வடிந்துவிடும். ஆனால் கால் வாட் ரெசிஸ்டர் ஒன்றின் வோல்ட் வரம்பு பெரும்பாலும் 250தான். ஆகவே இரண்டு 470 கிலோ ஓமை வரிசையாக வைக்கிறேன். இரண்டாவது, கெப்பாசிட்டரோடு வரிசையாக 220 ஓம், 1 வாட், ஃபியூசபிள் வகை. சொருகும் கணத்தில் அலை உச்சியில் இருந்தால் காலிக் கெப்பாசிட்டர் ஷார்ட் மாதிரி நடந்துகொள்ளும். அப்போது கரண்டை ஒன்றரை ஆம்பியர் சுற்றுவட்டாரத்தில் பிடித்து வைப்பது இந்த ரெசிஸ்டர்தான். ஏதாவது ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காமல் அறுந்துபோவதும் இதுதான். சாதாரண கார்பன் ரெசிஸ்டர் அந்த நேரத்தில் கங்கு மாதிரி எரியும்.

எல்இடி வரிசைக்குக் குறுக்கே ஒரு சின்ன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரும் வைக்கிறேன், 4.7 மைக்ரோஃபாரட். சொருகும்போது வரும் குத்தை அது வாங்கிக்கொள்ளும், மொபைலில் வீடியோ எடுக்கும்போது ஓடும் கறுப்புப் பட்டையும் குறையும். வரிசை 60 வோல்ட்தானே என்று இதற்கு 100 வோல்ட் சாமான் போடுகிறார்கள். எல்லா எல்இடியும் உயிரோடு இருக்கும்வரை அது சரி. மழையில் ஒரு கால் துருப்பிடித்து வரிசை அறுந்தால், வோல்ட்டைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. எலக்ட்ரோலிட்டிக் 325 வரை ஏறும், 100 வோல்ட் சாமான் பட்டென்று வெடித்துக் காகிதத்தைக் கக்கும். கோயில் கூட்டத்தில் அந்தச் சத்தமே போதும் பயமுறுத்த. 400 வோல்ட் சாமான் போட்டால் வரிசை அறுந்தாலும் ஒன்றும் ஆகாது.

பிரிட்ஜை மிச்சப்படுத்த வேறொரு வழி உண்டு. இரண்டு வரிசைகளை எதிரும் புதிருமாக இணைப்பது. ஒரு அரைச் சுற்றில் ஒன்று, மறுபாதியில் மற்றது, ஒன்று மற்றதைத் தலைகீழ் வோல்ட்டிலிருந்து காக்கும். டையோடு செலவு இல்லை. எனக்கு இது பிடிக்காது. ஒவ்வொரு வரிசையும் நொடிக்கு 50 தடவைதான் மின்னும், கண்ணைத் திருப்பினால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதைவிட, ரிப்பேரில் தலைவலி. ஒரு வரிசை அறுந்தால் மற்றதும் சேர்ந்து அணைந்துவிடும், ஏனென்றால் கெப்பாசிட்டர் வழியாக ஒரே பக்கம் கரண்ட் போக முடியாது, அது ஒரு தடவை நிறைந்ததும் ஓட்டம் நின்றுவிடும். அதற்குப் பின் நல்ல வரிசையின் மேல் தலைகீழாக ஐந்நூறு அறுநூறு வோல்ட் விழும். ஒரு எல்இடி செத்ததற்கு இரண்டு வரிசையைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்தச் சர்க்யூட் எதிலும் லைனுக்கும் எல்இடிக்கும் நடுவே தடுப்பு கிடையாது. 60 வோல்ட் வரிசைதானே என்று தொட்டால் பேஸைத் தொட்டது மாதிரிதான். ஆகவே தட்டியின் பின்பக்கம் முழுக்க மூடி இருக்க வேண்டும், சட்டம் இரும்பாக இருந்தால் எர்த் இழுக்க வேண்டும், மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மண்ணுக்குக் கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் சுவிட்ச், இருக்க வேண்டும். பேஸுக்கும் மண்ணுக்கும் நடுவே உடம்பு மாட்டினால் ஆர்சிசிபி காக்கும். ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தவனை அது காக்காது, அதற்கு அவன் இன்னொரு பல்பு மாதிரிதான். மூங்கில்தானே, கரண்ட் பாயாது என்று ஒரு பேச்சு உண்டு. பச்சை மூங்கில் நனைந்தால் பாயும்.

மேசையில் சோதிக்கும்போது இரண்டு ஏற்பாடு. முதல் தடவை கரண்ட் கொடுப்பது எப்போதும் சீரிஸ் போர்டு வழியாக, அதாவது செட்டோடு வரிசையாக ஒரு 60 வாட் குண்டு பல்பு. செட் சரியாக இருந்தால் பல்பு மினுங்கக்கூடச் செய்யாது. எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு எரியும், சாமான் தப்பிக்கும். அடுத்து, அளப்பதற்கு லைனிலிருந்து பிரித்துக் கரண்ட் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். கடையில் வாங்கினால் விலை அதிகம். 230க்கு 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒரே மாதிரி இரண்டு எடுத்து 24 வோல்ட் பக்கங்களை ஒன்றோடொன்று இணைத்தால், மறு முனையில் லைனோடு தொடர்பில்லாத 200 வோல்ட் சொச்சம் கிடைக்கும், ஒரு செட்டை ஓட்ட அது தாராளம். அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப் வைத்திருப்பவர்கள் இதில்லாமல் முனையை வைக்கக் கூடாது. ஸ்கோப்பின் கிளிப் எர்த்தோடு இணைந்தது, பிரிட்ஜின் மைனஸில் அதை மாட்டினால் ஸ்கோப்பே போகும். கரண்ட்டை அளக்க நான் வரிசையில் 100 ஓம் ஒன்றை நிரந்தரமாகவே விட்டுவிடுகிறேன். அதன் குறுக்கே டிசியில் 1 வோல்ட் காட்டினால் 10 மில்லி ஆம்பியர். கரண்ட்டை அணைத்துவிட்டு கிளிப்பை மாட்டி, கையை எடுத்தபின் சுவிட்ச் போட வேண்டும்.

ஜெனரேட்டரில் ஓடும்போது சோதனை வேறு மாதிரி வரும். ஒரு கொடையில் மூன்று பேஸ் ஜெனரேட்டர், ஒரு பேஸில் ஆம்ப்ளிஃபயர்கள், இன்னொன்றில் தட்டிகள். நியூட்ரல் போல்ட் ஆட்டத்தில் தளர்ந்துவிட்டது. நியூட்ரல் போனால் இரண்டு பேஸுகளின் லோடும் 400 வோல்ட்டுக்கு நடுவே வரிசையாகிவிடும், குறைவாக இழுக்கிற பக்கத்துக்கு அதிக வோல்ட் போகும். எல்இடிதான் எப்போதும் குறைவாக இழுப்பது. லைட் பக்கம் மீட்டரில் 370 காட்டியது. வேறு இடத்தில் வாங்கிய நீள வரிசைச் செட்டுகள் ஒரு நிமிஷம் கண்ணைப் பறிக்க எரிந்து, ரெசிஸ்டர் நாற்றத்தோடு அணைந்தன. 370க்கு அவற்றில் ஐம்பது மில்லி ஆம்பியரை நெருங்கும். பக்கத்திலேயே இருந்த கெப்பாசிட்டர் தட்டிகளில் 20தான் ஓடியிருக்கும், போல்ட்டை முறுக்கியதும் ஒன்றும் தெரியாத மாதிரி எரிந்தன. இதற்குப் பாதுகாப்பாக வோல்ட் அளவு மீறினால் கரண்டை இழுத்துக்கொள்ளும் 471 எண் எம்ஓவியும் அதற்கு முன்னால் 1 ஆம்பியர் ஃபியூசும் போடலாம், வோல்ட் ஏறினால் ஃபியூஸ் அறுந்து தட்டி இருட்டாகும். பெரிய தட்டிகளில் நான் போடுகிறேன். மைக்செட்காரர்கள் சிலருக்கு இது பிடிப்பதில்லை. அம்மன் தட்டி இருட்டானால் ஊர்க்காரர்களுக்குப் பதில் சொல்வது அவர்கள்தான்.

இன்வெர்ட்டர் இதைவிட விநோதம். பழைய மலிவு இன்வெர்ட்டர்கள் தருவது சைன் அலை இல்லை, சதுர அலை. கெப்பாசிட்டர் செட்டை அதில் மாட்டினால் எல்இடி ஏறக்குறைய வழக்கம்போல எரியும், ஆனால் 220 ஓம் ரெசிஸ்டர் கொதிக்கும். ஒவ்வொரு முறை அலை மேலிருந்து கீழே குதிக்கும்போதும் கெப்பாசிட்டர் 340 வோல்ட் புரள்கிறது. அந்தப் புரட்டலில் கெப்பாசிட்டர் மதிப்பில் பாதியை வோல்ட்டின் வர்க்கத்தால் பெருக்கினால் வரும் சக்தி முழுக்க ரெசிஸ்டரில் சூடாகும். 0.22க்கு நொடிக்கு நூறு தடவை என்றால் 1.3 வாட். 1 வாட் ரெசிஸ்டர் தாங்காது. ஓம் மதிப்பைக் கூட்டினால் சூடு குறையும் என்று தோன்றும், குறையாது. 220 போட்டாலும் 470 போட்டாலும் அதே 1.3 வாட்தான், ஏனென்றால் அந்தக் கணக்கில் ரெசிஸ்டரே இல்லை. செய்ய முடிந்தது வாட்டைக் கூட்டுவது மட்டும். இன்வெர்ட்டரில் ஓடும் என்று முன்கூட்டியே தெரிந்தால் 3 வாட் போடுகிறேன்.

ஓடும் விளக்குகள் வேண்டும் என்றால் வழக்கமான வழி டிரையாக், ஏசியை ஆன் ஆஃப் செய்யும் ஒரு எலக்ட்ரானிக் சுவிட்ச். குண்டு பல்பு காலத்தில் அது பிரச்சினையே தரவில்லை. ஒற்றைக் கெப்பாசிட்டர் செட்டோடு பிடி 136 என்ற டிரையாக்கைப் போட்டால், அது நிலைத்து நிற்க வேண்டிய கரண்ட்டே 15 மில்லி ஆம்பியர்வரை இருக்கலாம், நம் வரிசையோ பன்னிரண்டு. விளக்கு வெட்டி வெட்டி எரியும். பல வரிசைகளை ஒரே சேனலில் சேர்த்தால் அது தீரும், ஆனால் அடுத்தது காத்திருக்கும். டிரையாக் அணைவது கரண்ட் பூஜ்யமாகும் நொடியில். கெப்பாசிட்டரில் கரண்ட் பூஜ்யமாகும்போது வோல்ட் உச்சியில் இருக்கும். அதாவது ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் கெப்பாசிட்டர் நிறைந்தபடியே நிற்கிறது, அடுத்த அரைச் சுற்றில் லைனும் அதுவும் சேர்ந்து டிரையாக்கின் மேல் 590 வோல்ட்வரை விழுகிறது. லைன் 253ஆக இருந்தால் 650ஐத் தாண்டும். 600 வோல்ட் டிரையாக் கொஞ்ச நாளில் ஷார்ட் ஆவது இதனால்தான். 800 வோல்ட் ரகம் வாங்க வேண்டும்.

நான் இப்போது டிரையாக்கையே விட்டுவிட்டேன். கெப்பாசிட்டர் செட் கிட்டத்தட்ட நிலையான கரண்ட் தருகிற ஒன்று, அதை அணைக்க வழியை அறுக்க வேண்டியதில்லை, எல்இடி வரிசையைக் குறுக்கே ஷார்ட் செய்தால் போதும். பிரிட்ஜின் பிளஸ் மைனஸுக்குக் குறுக்கே ஒரு டிரான்சிஸ்டர், அதற்கும் எலக்ட்ரோலிட்டிக்குக்கும் நடுவே ஒரு டையோடு. டிரான்சிஸ்டர் ஆன் ஆனால் வரிசை அணையும். அப்போதும் லைனிலிருந்து 14 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் வாட் கணக்கில் அநேகமாக ஒன்றுமில்லை. பழைய சிஎஃப்எல் பல்பைப் பிரித்தால் கிடைக்கும் 13003 டிரான்சிஸ்டர் இதற்குப் போதும், 400 வோல்ட் தாங்கும். ஒவ்வொரு செட்டின் மைனஸும் வேறு வேறு என்பதால் கண்ட்ரோலரிலிருந்து வரும் சிக்னலை, வயர் தொடர்பில்லாமல் வெளிச்சத்தால் கடத்தும் ஆப்டோகப்ளர் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். டிரையாக் போடும் குத்து கெப்பாசிட்டருக்கு இல்லாததால் அதன் ஆயுளும் நீள்கிறது.

தட்டி கட்டாதவர்கள் வீட்டிலும் இந்தச் சங்கதி எரிந்துகொண்டிருக்கலாம். தனி டிரைவர் போர்டு இல்லாமல் எல்இடித் தகட்டிலேயே ஒரு சின்ன ஐசி ஒட்டிய டிஓபி பல்புகள் இப்போது நிறைய வருகின்றன. கொரியாவின் சியோல் செமிகண்டக்டர் 2000களின் நடுவில் அக்ரிச் என்ற பெயரில் ஏசியில் நேராக எரியும் எல்இடியைக் கொண்டுவந்தபோது அது புதுமை. இப்போது தெருக்கடை பல்பிலும் அதன் தம்பிகள் இருக்கின்றன. சில ரகங்களில் வோல்ட் ஏற ஏற வரிசையில் மேலும் மேலும் எல்இடிகளை ஐசி சேர்த்துக்கொண்டே போகும், மிச்சம் எப்போதும் சின்னதாகவே இருக்கும். சாதாரண ரகத்தில் ஒரே நீள வரிசை, மிச்சத்தை ஐசி சூடாக வாங்கிக்கொள்ளும். இந்தப் பல்பில் ஓர் எல்இடியில் கரும்புள்ளி விழுந்து அணைந்தால் அதை ஷார்ட் செய்து எரிய வைக்கும் வித்தை எல்லாருக்கும் தெரியும். எரியும்தான். ஆனால் ஒரு சிப்புக்குள் ஆறு எல்இடி இருந்தால் அது 18 வோல்ட். அந்த 18 வோல்ட்டை இனி ஐசி தாங்க வேண்டும், 40 மில்லி ஆம்பியர் ஓடினால் கூடுதலாக முக்கால் வாட் சூடு, பயறளவு ஐசிக்கு. ஒரு சிப் என்றால் விட்டுவிடலாம். இரண்டாவதும் போனால் தகட்டை மாற்றுவது நல்லது.

அணைத்தபின்பும் ராத்திரியில் மினுங்கும் பல்பைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். முதலில் டெஸ்டரை வைத்து சுவிட்ச் பேஸில் இருக்கிறதா நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள், பல வீடுகளில் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். பேஸில்தான் இருக்கிறது என்றால், ஒரே பைப்புக்குள் பேஸ் வயரும் சுவிட்ச் வயரும் பத்து மீட்டர் ஒட்டி ஓடியிருக்கும். அந்த இரண்டு வயரே ஒரு நானோஃபாரட் கெப்பாசிட்டர். அதன் வழியாக 70 மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலும் இருட்டில் எல்இடி கண்ணுக்குத் தெரியும். பல்புக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ் 2 ஒன்றை, 100 ஓம் ரெசிஸ்டரோடு ஹோல்டரில் சேர்த்தால் நின்றுவிடும்.

தெப்பத்துக்கும், குளத்துப் படித்துறைக்கும், பிள்ளைகள் கை எட்டும் உயரத்தில் வரும் கம்பி வேலைப்பாட்டுக்கும் இதில் எதையும் நான் கட்டிக்கொடுப்பதில்லை. அங்கே லைனிலிருந்து பிரித்து 24 வோல்ட் தரும் எஸ்எம்பிஎஸ் அடாப்டர், தடித்த வயர், தண்ணீர் புகாத பெட்டி. விலை கூடும் என்று முகம் சுளிப்பார்கள், சிலர் வேறு கடைக்கும் போவார்கள். போகட்டும்.